பொதுப்பெட்டிக்கு நகல் வரவில்லையா? இரண்டு முறை வருகிறதா? போஸ்ட்ஃபிக்ஸில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

அலுவலகத்தில் நாலைந்து பேருடைய மெயில் மட்டும், வருவதும் போவதும், ஒரு பொதுப்பெட்டியிலும் ஒரு நகல் விழ வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ள, விற்பனைக் குழுவை மேலாளர் கவனிக்க, புதிதாகச் சேர்ந்தவர் எழுதும் பதில்களைச் சரிபார்க்க என்று இதைக் கேட்பவர்களுக்குக் காரணம் பல. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் இதற்கு இரண்டே வரிகள்தான். ஆனால் அந்த இரண்டு வரிகளைப் பற்றி வரும் புகார்கள் ஓய்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் புகார்களை அறிகுறி வாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்து வரும் லாக் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். உதாரணத்தில் கண்காணிக்க வேண்டியவர் குமார், பொதுப்பெட்டி "நகல்". அமைப்பு இப்படி இருக்கும்:

சென்டர்_பிசிசி_மேப்ஸ் = ஹாஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/சென்டர்_பிசிசி
ரெசிபியன்ட்_பிசிசி_மேப்ஸ் = ஹாஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரெசிபியன்ட்_பிசிசி

பிசிசி என்றால் மறைநகல்; முதல் அமைப்பு குமார் அனுப்பும் மெயிலுக்கு, இரண்டாவது அவருக்கு வரும் மெயிலுக்கு. இரண்டு கோப்பிலும் ஆளுக்கு ஒரு வரி. இடது பக்கம் குமாரின் முழு முகவரி, வலது பக்கம் பொதுப்பெட்டியின் முழு முகவரி.

## எதையும் தொடுமுன்: லாக்கில் ஒரு மெயிலைப் பிடியுங்கள்

"நகல் வரவில்லை" என்று சொன்னதும் போஸ்ட்ஃபிக்ஸின் முக்கிய அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பைத் திறக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். எந்த மெயில் வரவில்லை, எத்தனை மணிக்கு, யாரிடமிருந்து என்று கேட்டு வாங்குங்கள். பிறகு லாக்கில் அந்த நேரத்துக்குப் போங்கள். உபுண்டு, டெபியனில் மெயில்.லாக், ரெட் ஹேட் வகைகளில் மெயில்லாக். அந்த மெயிலின் க்யூ ஐடியை (போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வொரு மெயிலுக்கும் கொடுக்கும் அடையாளம்) கண்டுபிடித்து, அந்த ஐடி இருக்கும் எல்லா வரிகளையும் கிரெப் செய்து எடுங்கள்.

அதில் பார்க்க வேண்டியவை மூன்று. க்யூஎம்ஜிஆர் வரியில் "ஃப்ரம்=" என்று ஒரு முகவரி இருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்புநராக எடுத்துக்கொண்டது அதைத்தான். அதே வரியில் "என்ஆர்சிபிடி=" என்று ஒரு எண் இருக்கும்; மொத்தம் எத்தனை பெறுநர்கள் என்பது அது. ஒருவருக்கு மட்டும் வந்த மெயிலில் அது 2 என்று இருந்தால் நகல் பெரும்பாலும் சேர்ந்துவிட்டது, பிரச்சினை அதற்குப் பிறகுதான். 1 என்று இருந்தால் நகல் சேரவே இல்லை. மூன்றாவது, டெலிவரி வரியில் "டு=" பக்கத்தில் "ஒரிக்_டு=" இருக்கிறதா என்பது. இருந்தால் அந்த மெயில் வேறு ஒரு முகவரிக்கு வந்து, அலையஸ் (வேறு பெட்டிக்குத் திருப்பிவிடும் மாற்று முகவரி) வழியாகக் குமாரிடம் போயிருக்கிறது.

பாதிப் புகார்கள் இந்த மூன்றைப் பார்த்ததுமே முடிந்துவிடும்.

## அறிகுறி: நகல் ஒன்றுகூட வரவில்லை

இது பார்க்கப் பயமாக இருக்கும், சரிசெய்ய எளிது.

முதலில் அமைப்பு நிஜமாகவே ஏறியிருக்கிறதா என்று போஸ்ட்ஃபிக்ஸிடமே கேளுங்கள்: போஸ்ட்கான்ஃப் ரெசிபியன்ட்_பிசிசி_மேப்ஸ். பதில் காலியாக வந்தால் நீங்கள் எழுதிய வரி வேறு எங்கோ இருக்கிறது. மெயின்.சிஎஃப்பில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் கடைசியில் இருப்பதுதான் செல்லும். பழைய ஆள் கோப்பின் அடியில் காலியாக ஒரு வரி விட்டுப் போயிருந்தால் மேலே நீங்கள் எழுதியது வீண். போஸ்ட்கான்ஃப் இதை "ஓவர்ரைடிங் ஏர்லியர் என்ட்ரி" என்று எச்சரிக்கும். எச்சரிக்கைகளைப் படிக்காமல் கீழே உருட்டிவிடுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, கோப்பைத் திருத்திய பிறகு போஸ்ட்மேப் ஓட்டினீர்களா? ஹாஷ் வகையில் போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பது உங்கள் எழுத்துக் கோப்பை அல்ல, அதிலிருந்து உருவாகும் .டிபி கோப்பை. இரண்டின் தேதியையும் ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் நேரடிச் சோதனை:

போஸ்ட்மேப் -க்யூ "குமாரின் முழு முகவரி" ஹாஷ்:/இடிசி/போஸ்ட்ஃபிக்ஸ்/ரெசிபியன்ட்_பிசிசி

பொதுப்பெட்டியின் முகவரி திரும்பி வர வேண்டும். எதுவும் வராவிட்டால் கோப்பில் பிழை. அதிகம் காண்பது, வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி. இடைவெளியில் தொடங்கும் வரியை போஸ்ட்ஃபிக்ஸ் மேல் வரியின் தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளும். எக்செல்லில் இருந்து ஒட்டிய பட்டியல்களில் இது நிச்சயம் இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்துப் பற்றிக் கவலை வேண்டாம். போஸ்ட்மேப் இடது பக்கத்தைச் சின்ன எழுத்தாக்கிவிடும்.

ஹாஷ் கோப்பை மாற்றி போஸ்ட்மேப் ஓட்டினால் ரீலோட் தேவையில்லை, போஸ்ட்ஃபிக்ஸ் தானே கவனித்துக்கொள்ளும். பிசிஆர்இ, ரெக்எக்ஸ்பி வகைக் கோப்புகளுக்கு (முகவரிக்குப் பதில் எழுத்து வடிவ விதி எழுதுபவை) ரீலோட் வேண்டும். "கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வேலை செய்தது" என்று சொல்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்: பழைய ப்ராசஸ் வயதாகிப் போய், புதியது வந்து கோப்பைப் படித்திருக்கும்.

இவை எல்லாம் சரி, இருந்தும் வரவில்லை என்றால், மெயில் நுழையும் வாசல்களை வரையறுக்கும் மாஸ்டர்.சிஎஃப்பில் "நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ்" என்று தேடுங்கள். ரிசீவ்_ஓவர்ரைடு_ஆப்ஷன்ஸில் அது இருக்கும் வழியாக நுழையும் மெயிலுக்கு நகலும் சேராது, வர்ச்சுவல் அலையஸும் விரியாது. ஆகவே ஒரு துப்பு: நகலோடு சேர்த்து அலையஸ் மெயில்களும் நின்றிருந்தால் வேறெங்கும் தேடாமல் இங்கே வாருங்கள்.

பேனல் வைத்த சர்வர் என்றால்: ஐரெட்மெயில் போன்றவை இந்தப் பட்டியலை டேட்டாபேஸில் வைத்திருக்கும். மெயில்கவ்வில் பிசிசி மேப் அமைக்கத் தனித் திரையே உண்டு. அங்கே கோப்பில் கையால் எழுதியது அடுத்த அப்டேட்டில் காணாமல் போகலாம். பேனலின் வழியிலேயே செய்யுங்கள்.

## அறிகுறி: சில மெயில்கள் மட்டும் தப்புகின்றன

அதிகம் வருவதும் அதிக நேரத்தைத் தின்பதும் இந்தப் புகார்தான். "பத்தில் எட்டு வருகிறது, ரெண்டு வரவில்லை" என்பார்கள். சர்வர் சோம்பேறி இல்லை. அந்த இரண்டும் வேறு முகவரியில் பயணம் செய்தவை. தப்பியது வந்த மெயிலா, அனுப்பிய மெயிலா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

### வந்த மெயில் தப்பினால்

குமாருக்கு இரண்டு முகவரி உண்டா? நிறுவனத்துக்கு .காம், .இன் என்று இரண்டு டொமைன் இருக்கும். இரண்டுக்கும் வரும் மெயில் ஒரே பெட்டியில் விழும். பட்டியலில் ஒன்றுதான் இருக்கும். இரண்டையும் சேருங்கள், முடிந்தது.

அலையஸ் வழியாக வந்ததா? போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை உள்ளே வாங்கும்போது வேலைகளைச் செய்யும் வரிசை இது: முகவரியை ஒழுங்குபடுத்தும், பிசிசி பட்டியலைப் பார்க்கும், அதன் பிறகுதான் வர்ச்சுவல் அலையஸை விரிக்கும். அதாவது "விற்பனை" என்ற முகவரிக்கு வந்த மெயில், அலையஸ் வழியாகக் குமாருக்குப் போனாலும், பிசிசி பட்டியலில் தேடப்பட்டது "விற்பனை" என்ற பெயர்தான். குமார் என்ற பெயர் அந்தக் கட்டத்தில் மெயிலில் இல்லவே இல்லை. லாக்கில் ஒரிக்_டு வரும் இடம் இதுதான்.

இதற்கு வழி இரண்டு. "விற்பனை" முகவரியையே பிசிசி பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் அந்த அலையஸில் குமாரோடு இன்னும் மூன்று பேர் இருந்தால், அவர்களுக்கு வந்ததும் பொதுப்பெட்டிக்குப் போகும். அது ஒரே மெயில்தான் என்பதால் பெரும்பாலும் யாரும் ஆட்சேபிப்பதில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்னொரு வழி, அலையஸின் வலது பக்கத்தில் பொதுப்பெட்டியையும் ஓர் உறுப்பினராகச் சேர்ப்பது. இதைச் செய்தால் கீழே "இரண்டு முறை வருகிறது" பகுதியையும் படித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது முதல் வழி. நகல் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தால், ஆறு மாதம் கழித்து வருபவருக்கும் புரியும்.

உள்ளேயே ஃபார்வர்ட் ஆனதா? கணக்குப் பிரிவின் பெட்டியில் .ஃபார்வர்ட் கோப்பு வைத்துக் குமாருக்குத் திருப்பியிருப்பார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் தானே உள்ளுக்குள் ஃபார்வர்ட் செய்யும் மெயிலுக்கும், தானே உருவாக்கும் மெயிலுக்கும் நகல் சேர்க்காது. முடிவில்லாத சுழற்சியைத் தவிர்க்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே இதை அமைப்பால் மாற்றப் பார்க்காதீர்கள். மெயில் முதலில் வந்து சேரும் முகவரியைப் பட்டியலில் போடுங்கள்.

### அனுப்பிய மெயில் தப்பினால்

தபால் கவரின் பின்புறம் எழுதும் அனுப்புநர் முகவரி ஒன்று, உள்ளே கடிதத் தலைப்பில் இருக்கும் பெயர் இன்னொன்று. மெயிலிலும் அப்படித்தான். சென்டர்_பிசிசி_மேப்ஸ் பார்ப்பது கவரை மட்டும். அவுட்லுக்கில் நீங்கள் பார்க்கும் "ஃப்ரம்" வரி கடிதத் தலைப்பு. லாக்கில் க்யூஎம்ஜிஆர் வரியில் இருக்கும் "ஃப்ரம்=" தான் கவர்.

இரண்டும் வேறாக இருக்கும் வழக்கமான இடங்கள்:

இணையதளப் படிவம், பில் அனுப்பும் மென்பொருள். ஃப்ரம் வரியில் குமாரின் பெயரைப் போட்டிருப்பார்கள், ஆனால் கவரில் "டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா" என்ற சர்வர் பயனர் இருப்பார். பிஹெச்பியின் மெயில் ஃபங்ஷனில் -எஃப் ஆப்ஷன் கொடுத்துக் கவர் முகவரியைச் சரிசெய்யலாம். அதைவிட, அந்த மென்பொருளை எஸ்எம்டிபி லாகின் வழியாக அனுப்ப வைப்பது நல்லது.

ரவுண்ட்க்யூப் வெப்மெயிலில் இரண்டாவது ஐடென்டிட்டி. குமார் "விற்பனை" என்ற பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதினால் கவரிலும் அதுவே போகும். அதையும் சென்டர் பட்டியலில் சேருங்கள்.

கைபேசி. இதை லாக்கில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் மெயில் உங்கள் சர்வருக்கு வரவே இல்லை. ஜிமெயில் ஆப்பில் அலுவலக முகவரியைச் சேர்த்து, அனுப்பும் சர்வராக வேறு எதையோ வைத்திருப்பார். லாக்கில் ஐடியே இல்லை என்றால் அவருடைய கைபேசியை வாங்கிப் பாருங்கள். சர்வரில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

தெரிந்தே தப்பிப்பவர்களும் உண்டு. தன் லாகினில் நுழைந்து, கவரில் சக ஊழியரின் முகவரியைப் போட்டு அனுப்பினால் நகல் விழாது. ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச் என்ற தடையையும், யார் எந்த முகவரியில் அனுப்பலாம் என்ற எஸ்எம்டிபிடி_சென்டர்_லாகின்_மேப்ஸ் பட்டியலையும் வைத்தால் இது நிற்கும். ஆனால் அந்தப் பட்டியலை அரைகுறையாக எழுதி ஏற்றினால் மறுநாள் காலை பாதி அலுவலகத்தால் மெயில் அனுப்ப முடியாது. இருபது பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் அனுபவம் உள்ளவரை வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் செய்யுங்கள்.

## அறிகுறி: ஒரே மெயில் இரண்டு முறை வருகிறது

இரண்டு நகலின் மெசேஜ்-ஐடியையும் ஒப்பிடுங்கள். வேறு வேறு என்றால் அனுப்பியவரே இரண்டு முறை அனுப்பியிருக்கிறார். நீங்கள் டீ குடிக்கப் போகலாம். ஒரே ஐடி என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அமாவிஸ் போன்ற ஸ்பாம், வைரஸ் ஃபில்டர் இருக்கிறதா? பெரும்பாலும் குற்றவாளி இதுதான். மெயில் 25ஆம் போர்ட்டில் நுழைகிறது, நகல் சேர்கிறது. 10024இல் அமாவிஸுக்குப் போய், 10025 வழியாகத் திரும்பி வருகிறது. திரும்பி வரும்போது போஸ்ட்ஃபிக்ஸுக்கு அது புது மெயில். மறுபடியும் பட்டியலைப் பார்த்து மறுபடியும் நகல் சேர்க்கும். லாக்கில் ஒரே மெசேஜ்-ஐடிக்கு இரண்டு க்யூ ஐடி தெரியும். முதலாவதில் என்ஆர்சிபிடி 2, இரண்டாவதில் 3 என்றோ, தனித்தனியாகப் பிரிந்தோ போகும்.

தீர்வு: இரண்டு வாசல்களில் ஒன்றில் மட்டும் நோ_அட்ரஸ்_மேப்பிங்ஸ் போட வேண்டும். நான் ஃபில்டருக்கு முந்திய வாசலில்தான் போடுவேன். அப்போது நகல் சேர்வது ஃபில்டர் தாண்டிய பிறகு. அமாவிஸ் பிடித்து ஒதுக்கிய குப்பை பொதுப்பெட்டிக்கு வராது. இரண்டிலும் போட்டுவிட்டால் "நகல் ஒன்றுகூட வரவில்லை" பகுதியில் சொன்னபடி நகலும் அலையஸும் சேர்ந்து நின்றுவிடும். மெயின்.சிஎஃப்பில் பொதுவாகப் போட்டிருந்தால், 10025 வாசலுக்கு மாஸ்டர்.சிஎஃப்பில் அந்த அமைப்பை வேறு மதிப்போடு மேலெழுத மறக்காதீர்கள்.

ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் ஃபில்டரை மில்டராக இணைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே மெயில் வெளியே போய்த் திரும்புவதில்லை.

அலையஸிலும் பொதுப்பெட்டி, பிசிசியிலும் பொதுப்பெட்டி. ஒரே முகவரி இரண்டு வழியாக வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் ஒன்றை நீக்கிவிடும் என்று எதிர்பார்ப்போம். எனேபிள்_ஒரிஜினல்_ரெசிபியன்ட் "யெஸ்" என்று இருக்கும்போது, அது அசல் பெறுநரையும் சேர்த்து ஜோடியாக ஒப்பிடும். "விற்பனை வழியாக வந்த நகல்", "நேரடி நகல்" என்று இரண்டும் அதற்கு வேறு வேறு. "நோ" என்று மாற்றினால் இரட்டை போகும், ஆனால் எக்ஸ்-ஒரிஜினல்-டு தலைப்பும் போய்விடும். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், ஏதாவது ஓர் இடத்திலிருந்து பொதுப்பெட்டியை எடுத்துவிடுங்கள்.

குமார் செல்விக்கு எழுதுகிறார், இருவரும் பட்டியலில் இருக்கிறார்கள் என்றால் இரண்டு வருமா என்று கேட்பார்கள். ஃபில்டர் குழப்பம் இல்லாத சர்வரில் ஒன்றுதான் வரும்.

## அறிகுறி: பட்டியலில் இல்லாதவரின் மெயிலும் பொதுப்பெட்டியில் விழுகிறது

இதை உடனே கவனியுங்கள். மற்ற அறிகுறிகள் தொல்லை. இது ஒருவரின் சம்பளக் கடிதத்தையோ மருத்துவ விடுப்புக் கடிதத்தையோ பத்துப் பேர் படிக்கும் நிலை.

போஸ்ட்கான்ஃப் -என் கொடுத்து ஆல்வேஸ்_பிசிசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எல்லோருடைய மெயிலும் போகும். எப்போதோ சோதனைக்காக வைத்ததை எடுக்காமல் விட்டிருப்பார்கள். அடுத்து, பட்டியல் கோப்பில் "@டொமைன்" என்று தொடங்கும் வரி இருக்கிறதா? முழு முகவரிக்குப் பொருத்தம் கிடைக்காதபோது போஸ்ட்ஃபிக்ஸ் கடைசியாக அதைத்தான் தேடும். கிடைத்தால் டொமைன் மொத்தமும் சிக்கும். மூன்றாவது, டொமைன் இல்லாமல் வெறும் பெயர். "குமார்" என்று மட்டும் எழுதினால், மைடெஸ்டினேஷனில் (சர்வர் தன்னுடையதாகக் கருதும் டொமைன்களின் பட்டியல்) உள்ள எந்த டொமைனின் குமாரும் மாட்டுவார். ரெக்எக்ஸ்பி வைத்திருந்தால் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் "குமார்" என்ற விதியில் "செல்வகுமார்" அகப்படுவார்.

தவறாக வந்து விழுந்த மெயிலை யார் அழிப்பது, யாரிடம் சொல்வது என்பது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. சர்வர் பார்ப்பவர் தானாக அழித்துவிடக் கூடாது. பட்டியலில் இருப்பவர்களுக்கும் நகல் எடுக்கப்படுகிறது என்று எழுத்தில் தெரிவித்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.

## அறிகுறி: சர்வர் மெயிலையே வாங்க மறுக்கிறது, 451 பிழை

"451 4.3.0 எரர்: க்யூ ஃபைல் ரைட் எரர்" என்று வரும். இதைப் பார்த்ததும் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஓடுவார்கள். டிஸ்க்கைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. காலி இடம் இருந்தால் லாக்கில் க்ளீன்அப் வரிகளைப் படியுங்கள். "மேப் லுக்கப் ப்ராப்ளம்" என்று இருந்தால் பிசிசி பட்டியலைத் திறக்க முடியாமல் மெயிலையே திருப்புகிறது. போஸ்ட்ஃபிக்ஸ் இதில் கறார்: நகல் சேர்க்க வேண்டுமா என்று தெரியாத மெயிலை வாங்காது.

காரணம் எளியதிலிருந்து: .டிபி கோப்பு உருவாகவே இல்லை. கோப்பின் பெயரில் எழுத்துப்பிழை. டேட்டாபேஸ் வழிப் பட்டியல் என்றால் டேட்டாபேஸ் படுத்திருக்கிறது. சர்வரைப் புதிய வெளியீட்டுக்கு மாற்றியதில் ஹாஷ் வகையே இல்லாமல் போயிருக்கிறது. கடைசிக்குச் சோதனை போஸ்ட்கான்ஃப் -எம் (சின்ன எழுத்து எம்). அது காட்டும் பட்டியலில் ஹாஷ் இல்லை, எல்எம்டிபி (LMDB) இருக்கிறது என்றால் அமைப்பில் முன்னொட்டை மாற்றி, அதே வகையில் போஸ்ட்மேப்பை மறுபடி ஓட்டுங்கள்.

மெயில் நின்றுகொண்டிருக்கும்போது காரணம் தேடி உட்காராதீர்கள். இரண்டு பிசிசி வரிகளையும் கமென்ட் செய்து ரீலோட் கொடுங்கள், மெயில் ஓடட்டும். 4இல் தொடங்கும் பிழை தற்காலிகப் பிழை என்பதால் வெளி சர்வர்கள் மறுபடி முயலும், வரவேண்டியவை வந்துவிடும். உள்ளே இருந்து அனுப்பியவர்கள் மட்டும் மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் நகல் விழாது. அதைப் பொதுப்பெட்டி பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி: வாடிக்கையாளருக்கு பவுன்ஸ் போகிறது

வாடிக்கையாளர் குமாருக்குத்தான் எழுதினார். அவருக்குத் திரும்பி வரும் பிழைக் கடிதத்தில் "நகல்" என்ற முகவரி கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரகசியமாக இருக்க வேண்டியது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பிசிசி முகவரிக்குப் போன மெயில் திரும்பினால், 2.2 வரையிலான பழைய போஸ்ட்ஃபிக்ஸ் அதை அசல் அனுப்புநருக்கே தெரிவிக்கும். 2.3 முதல் நகலோடு "தோல்வியைத் தெரிவிக்காதே" என்ற குறிப்பும் போகிறது; வழியில் இருக்கும் ஃபில்டரோ அடுத்த சர்வரோ அந்தக் குறிப்பை மதிக்காவிட்டால் பவுன்ஸ் போய்விடும்.

முதல் சோதனை: பொதுப்பெட்டிக்கு நேரடியாக ஒரு மெயில் போடுங்கள். பெட்டியே இல்லை என்றால் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பட்டியலின் வலது பக்கத்தில் எழுத்துப்பிழை. போஸ்ட்ஃபிக்ஸ் உள்ளே வாங்கும் முன் சரிபார்ப்பது பெறுநர் முகவரியை மட்டும். பிசிசி முகவரி அதற்குப் பிறகு சேர்வதால் தவறு கண்ணில் படாமல் உள்ளே வந்துவிடுகிறது. வலது பக்கத்தில் இரண்டு முகவரியைக் கமா போட்டு எழுதியிருந்தாலும் வம்புதான். ஒன்றுதான் எழுத வேண்டும். இருவருக்குப் போக வேண்டுமென்றால் ஓர் அலையஸை உருவாக்கி, அதன் பெயரை எழுதுங்கள்.

இரண்டாவது, பெட்டி நிரம்பிவிட்டது. பத்துப் பேரின் மெயில் விழும் பெட்டிக்கு ஒருவருக்கான கோட்டா போதாது. பெட்டிகளை வைத்து மெயிலைப் படிக்கக் கொடுக்கும் மென்பொருள் டவ்காட் என்றால், அதன் டவ்அட்ம் கோட்டா கெட் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். இடத்தைக் கூட்டுவதோடு, டவ்காட்டில் கோட்டா_ஃபுல்_டெம்ப்ஃபெயில் அமைப்பை யெஸ் ஆக்குங்கள். அப்போது நிரம்பிய பெட்டிக்கான மெயில் உடனே திரும்பாது, க்யூவில் காத்திருக்கும். இயல்பாக 5 நாள் காத்திருக்கும், அதற்குள் நீங்கள் கவனித்தாக வேண்டும். பழைய முறையில் ஒரே கோப்பாக எம்பாக்ஸில் போடும் சர்வர் என்றால் மெயில்பாக்ஸ்_சைஸ்_லிமிட்டையும் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு மதிப்பு 51200000 பைட், ஏறக்குறைய 51 எம்பி. பொதுப்பெட்டிக்கு அது எந்த மூலைக்கு?

மூன்றாவது, பொதுப்பெட்டி ஜிமெயிலிலோ வேறு நிறுவனத்திலோ இருக்கிறது. வெளியாளின் பெயரில் வந்த மெயிலை உங்கள் சர்வர் அங்கே தள்ளும்போது, உங்கள் ஐபி அவருடைய எஸ்பிஎஃப் பட்டியலில் (அவர் டொமைனின் பெயரில் அனுப்ப அனுமதி உள்ள சர்வர்கள்) இருக்காது. சில நுழையும், சில குப்பைக்குப் போகும், சில திரும்பும். இதற்குள் ஒட்டுப்போட்டுக் காலம் தள்ளுவதைவிட, பெட்டியை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். வெளியே வைத்தே தீர வேண்டுமென்றால் எஸ்ஆர்எஸ், ஏஆர்சி எல்லாம் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

## அறிகுறி: லாக்கில் "சென்ட்" என்கிறது, பெட்டியில் மெயில் இல்லை

யாரோ ஒருவரின் கணினியில் அந்தப் பெட்டியை பாப்3 ஆக வைத்திருக்கிறார்கள். அவருடைய அவுட்லுக் எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடுகிறது. வேறு எதையும் பார்க்குமுன் டவ்காட் லாக்கில் அந்தப் பெட்டியின் பெயரோடு பாப்3 லாகின் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தப் பெட்டிக்கு பாப்3யை மூடி, எல்லோரையும் ஐமேப்புக்கு மாற்றுங்கள். போன மெயில் அந்த ஒரு கணினியில் இருக்கும், அங்கிருந்து திரும்ப ஏற்றலாம்.

அது இல்லையென்றால் ஜங்க் ஃபோல்டரைப் பாருங்கள், மெயிலைத் தானாகப் பிரிக்கும் சீவ் விதிகளைப் பாருங்கள், பெட்டி பகிரப்பட்ட ஃபோல்டராக இருந்தால் சப்ஸ்க்ரைப் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். டவ்அட்ம் சர்ச் மூலம் மெசேஜ்-ஐடியைத் தேடினால் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதையொட்டி ஒரு புகார்: "நான் படிக்காத மெயில் படித்ததாகக் காட்டுகிறது." பகிர்ந்த பெட்டியில் ஒருவர் திறந்தால் எல்லோருக்கும் படித்ததாகத்தான் தெரியும். டவ்காட்டில் ஆளுக்குத் தனித்தனி அடையாளம் வைக்க ஐஎன்டிஇஎக்ஸ்பிவிடி என்ற அமைப்பு உண்டு. 2.4 வெளியீட்டில் அமைப்பு எழுதும் முறையே மாறியிருப்பதால் 2.3க்கு எழுதிய குறிப்பை அப்படியே ஒட்டாதீர்கள். இன்டெக்ஸ் கோப்பு கெட்டுப்போனதாக லாக் சொன்னால், பேக்அப் எடுக்காமல் அதில் கை வைக்காதீர்கள். அங்கே தெரிந்தவரைக் கூப்பிடுவதே மலிவு.

## அறிகுறி: நகல் வருகிறது, ஆனால் யாருடையது என்று தெரியவில்லை

வெளியாள் குமாரை மறைநகலில் போட்டு அனுப்பினால், பொதுப்பெட்டிக்கு வரும் மெயிலில் குமாரின் பெயர் எங்கும் இருக்காது. டெலிவர்ட்-டு தலைப்பில் பொதுப்பெட்டியின் பெயர்தான் இருக்கும்.

இதற்கு ரெசிபியன்ட்_டெலிமிட்டரை + என்று வைத்து, பட்டியலின் வலது பக்கத்தில் வெறும் "நகல்" என்பதற்குப் பதில் "நகல்+குமார்", "நகல்+செல்வி" என்று எழுதுங்கள். ஒரே பெட்டிக்குத்தான் போகும், ஆனால் டெலிவர்ட்-டுவில் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். டவ்காட்டில் எல்எம்டிபி_சேவ்_டு_டீடெய்ல்_மெயில்பாக்ஸ் (இங்கே எல்எம்டிபி என்பது LMTP) யெஸ் ஆனால் + க்குப் பின்னால் இருக்கும் பெயரிலேயே ஃபோல்டர் பிரிந்து விழும். ஃபோல்டர் தானாக உருவாக எல்டிஏ_மெயில்பாக்ஸ்_ஆட்டோக்ரியேட்டும் யெஸ் ஆக இருக்க வேண்டும். பொதுப்பெட்டி புதிதாக அமைப்பவர்கள் முதல் நாளே இப்படிச் செய்துவிடுவது நல்லது. ஒரு வருட மெயில் ஒரே இன்பாக்ஸில் குவிந்த பிறகு பிரிப்பது பெரும் வேலை.

வழக்கு, தணிக்கை என்று எதற்காவது இந்த நகலைச் சாட்சியாகக் காட்டப்போவதாக நிர்வாகம் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பொதுப்பெட்டியைத் திறக்க முடிந்தவர் மெயிலை அழிக்கவும் முடியும். எந்த மெயிலை அழித்தார் என்பதற்குப் பொதுவாகத் தடயமும் இருக்காது. அதற்கென்று அழிக்க முடியாத ஆர்க்கைவ் மென்பொருள்கள் தனியாக இருக்கின்றன. அதை அமைத்துத் தருபவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு நீங்கள் நகர்ந்துகொள்ளலாம்.